இடப்பக்கம் பார்த்துச் சொன்னவள்

2017 ஒக்டோபர் 9, திங்கட்கிழமை, முற்பகல். பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் சோதிலிங்கம் முன்னிலையில் தமிழில் பதிவு செய்யப்பட்டது.

நான் கறுப்பையா லெட்சுமணன் என்பவரின் மனைவி பாலம்மா. வயது ஐம்பத்தொன்பது. வத்தேகம ரயில் நிலையத்துக்குப் போகும் வீதியில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். தோட்ட மருத்துவிச்சியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என் கணவர் அதே தோட்டத்துத் தேயிலை ஆலையில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். விரும்பாவிட்டால் நான் எதுவும் சொல்லாமல் இருக்கலாம் என்று சார்ஜன்ட் எனக்கு விளங்கப்படுத்தினார். நான் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்தேன்.

கண்டியில் வசிக்கும் திரு. விமலநாதன் நேற்றுப் பின்னேரம் கொடுத்த முறைப்பாட்டில், அவருடைய 1952ஆம் ஆண்டு ஒஸ்டின் ஏ40 காரை அவர் வீட்டுக் கேற்றுத் தூணில் மோத வைத்தவள் நான் என்றும், அதை வேண்டுமென்றே செய்தேன் என்றும் சொல்லியிருப்பதாக எனக்குத் தெரிவிக்கப்பட்டது. அது உண்மை. ஆனால் விஷயம் நேற்று ஆரம்பித்தது அல்ல. ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்களிடம் 1957ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சராக இருந்தவர் ஊரை விட்டுப் போகும்போது என் கணவர் அதை வாங்கினார். அன்று முதல் அந்தத் தோட்டத்தில் பிரசவ வலி கண்ட பெண்களையும் காய்ச்சல்காரர்களையும், தோட்ட லொறி வராத நாட்களில், அவர்தான் மலையிலிருந்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நான் மருத்துவிச்சி என்பதால் கூடவே போவேன். பின்சீட்டில் நோயாளி, இடது பக்க முன்சீட்டில் நான். ஆலையில் கொழுந்து வாட்டும் உயரமான தட்டிலிருந்து விழுந்த பிறகு அவருடைய கழுத்து இடப்பக்கம் திரும்பாது. வைத்தியர் பரிசோதித்து, இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தால் தாராளமாக ஓட்டலாம் என்றார். அந்தக் கார் வந்தபோது வெளிக்கண்ணாடியே கிடையாது. உள்ளே உச்சியில் சாண் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, அவ்வளவுதான். ஆகவே அக்குறணையில் கராஜ் வைத்திருக்கும் நஸீம் என்பவரிடம் கொண்டு போய், முன் மட்கார்ட் இரண்டிலும் வட்டக் கண்ணாடி பூட்டினோம். “கண்ணாடி போட்டா காருட வடிவு கொறயுமெண்டு ஆக்கள் சொல்லுவாங்க, காதுல போட்டுக்க வாணாம்” என்று நஸீம் அப்போதே சொன்னார்.

பழைய கார் வைத்திருக்காதவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. அதைப் பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படிப்பட்ட கார்களில் இடது பக்க முன்சீட் சும்மா குந்தியிருந்து வேடிக்கை பார்க்கிற இடம் அல்ல. சாரதி திரும்பவோ ஒதுக்கவோ முன்னம் “லெப்ட்?” என்று கேட்பார். அங்கே இருப்பவர் கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டிப் பார்த்து, “போங்க” என்றோ “பொறுங்க” என்றோ சொல்ல வேண்டும். மனைவி, கிளீனர், தம்பி, யார் இருந்தாலும் அதுதான் வேலை. கண்டிப் பகுதியில் பழைய கார் ஓட்டுகிற எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். கண்ணாடி பூட்டிய பிறகும் நான் பார்த்துச் சொல்லுவதை விடவில்லை. எத்தனையோ வருடங்கள் அப்படிப் போயும் எங்கள் காரில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லை.

திரு. விமலநாதன் மலைநாட்டுப் பழைய மோட்டார் வாகனச் சங்கத்தின் செயலாளர். ஓய்வுபெற்ற பொறியியலாளர். சென்ற டிசம்பர் மாதம் அந்தச் சங்கம் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கம்பளைக்கு ஒரு கார் ஊர்வலம் வைத்தது. சங்கத்தில் அங்கத்தவரான என் கணவருக்கு அதில் போக வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. முதல் நாள் முழுக்கக் காரைக் கழுவி, மெழுகு போட்டு, சில்லு மூடிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் ஆலை மேற்பார்வைக்குத் துரை வரும் நாளில்கூட அவர் இப்படி ஓடித் திரிந்ததில்லை.

மறுநாள் காலை கட்டுகஸ்தோட்டை மைதானத்தில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். திரு. விமலநாதன் எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மட்கார்ட் கண்ணாடிகளை விரலால் தட்டி, “இதுகளோடை ஒறிஜினல் பிரிவிலை விடேலாது. கழட்டினால் உங்கடை மொறிஸ்தான் முதலாவதா வரும்” என்றார். நான் என் கணவரிடம், “கழட்டாதீங்க, பரிசு நமக்கு எதுக்கு?” என்று சொன்னேன். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சார், எனக்குக் கழுத்து திரும்பாதுங்க” என்றார். திரு. விமலநாதனுக்கு அது புதுச் செய்தி அல்ல. கழுத்துப் பட்டியோடு என் கணவர் சங்கக் கூட்டங்களுக்குப் போனதை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு அவர் சிரித்துக்கொண்டு, “ஊர்வலத்திலை நடுவர் ஒராள் பக்கத்திலை இருக்க வேணும், உங்கடை காரிலை நான்தான் இருக்கப் போறன். இடப்பக்கம் நான் பாத்துச் சொல்லுறன். உங்கடை மனுசி செய்யிற வேலைதானே, எனக்குச் செய்யேலாதோ?” என்றார். இதை நான் என் காதால் கேட்டேன். அதன் பின்னர் என் கணவர் கண்ணாடிகளைக் கழற்றினார். நான் அவற்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குடும்பத்தவர்களுக்கென்று விடப்பட்ட வேனில் பின்னால் போனேன்.

ஊர்வலம் பேராதனையைத் தாண்டி, கெலிஓயாவையும் தாண்டிப் போனது. அங்கே வீதியின் இடப்பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் எல்லாக் கார்களும் ஒதுக்கி நிற்பதாக ஏற்பாடு. எங்கள் கார் மெதுவானதையும், கதவுத் தூணிலிருந்து அந்தச் சின்ன மஞ்சள் சிக்னல் கை வெளியே நீண்டதையும் நான் வேனிலிருந்து பார்த்தேன். இந்தக் காலத்தில் வீதியில் போகிறவர்களுக்கு அந்தக் கை என்னவென்று தெரியாது. அப்போது வத்தேகமையில் காய்கறி விற்கும் சேதுராமன், கம்பளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதற்காகச் சைக்கிளில் எங்கள் வேனைக் கடந்து, வரிசையின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் கார் இடப்பக்கம் திரும்பியது. சைக்கிள் அதன் அடியில் போயிற்று.

நான் ஓடிப் போய்ச் சேதுராமனின் காலைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. என் குடைக் கம்பையும் சால்வையையும் வைத்துக் கட்டினேன். என் கணவர் வீதியில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்காமலே, “நான் கேட்டேன் பாலா, லெப்ட்ல யாரும் வர்றாங்களா சார்னு கேட்டேன். ஓம் போங்கோன்னாரு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தான் கேட்டபோது திரு. விமலநாதன் வீதியோரத்தில் கையாட்டும் ஆட்களை டெலிபோனில் படம் பிடித்துக் கொண்டிருந்ததாகவும், தலையைக்கூடத் திருப்பாமல் அந்தப் பதிலைச் சொன்னதாகவும் சொன்னார். நான் காருக்குள் இருக்கவில்லை என்பதால் இது கேள்விப்பட்டது மட்டுமே என்று சார்ஜன்ட் சொல்கிறார். கேள்விப்பட்டது என்றே எழுதுங்கள். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள், அது நான் கேள்விப்பட்டது அல்ல.

திரு. விமலநாதன் காரிலிருந்து இறங்கி, காற்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சேதுராமன் பக்கம் வராமல், வேறொரு காரில் ஏறிக் கம்பளைக்குப் போய்விட்டார். பரிசு கொடுக்க நேரமாகிறது என்று யாரிடமோ சொன்னது எனக்குக் கேட்டது. அன்று ஒறிஜினல் பிரிவில் முதற் பரிசு, அவருடைய மருமகன் ஓட்டி வந்த அவருடைய ஒஸ்டினுக்கே கிடைத்தது. நடுவர்களில் அவரும் ஒருவர். மனிதர் தன் தலையில் தானே பூச்சூடிக் கொண்டார்.

அதன் பின்னர் என் கணவர் மேல் கவனயீனமாக வாகனம் செலுத்திக் காயம் விளைவித்ததாக வழக்கு வைக்கப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கப்பட்டது. எங்கள் சட்டத்தரணி ராஜலிங்கம், திரு. விமலநாதன் அந்த விபத்தைப் பற்றிப் பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியைப் பெற்று எங்களுக்கு வாசித்துக் காட்டினார். “சாரதி என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அப்படியே சொல்லியிருந்தாலும் இடது பக்க ஆசனத்தில் இருப்பவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. பார்த்துச் செலுத்துவது சாரதியின் கடமை மட்டுமே” என்று அதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வாசகத்தை நான் அன்றே பாடமாக்கிக்கொண்டேன். சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு சொல்கூடப் பிசகாது.

என் கணவர் அன்றிலிருந்து காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சேதுராமன் வீட்டுக்குப் போய் அவர் கால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சேதுராமன் நல்ல மனிதர். “அண்ணே, நீங்க வேணும்னா செஞ்சீங்க? விடுங்க” என்பார். அது இவரை இன்னும் வாட்டும். அந்தக் கால் கோணலாகவே பொருந்திவிட்டது, இனிமேல் சைக்கிள் மிதிக்க ஏலாது. இப்போது அவருடைய பெண்சாதி தலையில் கூடை சுமந்து காய்கறி விற்கிறார்.

என்னிடம் கோபம் இருந்ததா என்று சார்ஜன்ட் கேட்டார். இருந்தது. இன்றும் இருக்கிறது. கோயிலில் எல்லோரும் பிள்ளை குட்டிகளுக்காக அர்ச்சனை செய்யும்போது நான் திரு. விமலநாதனின் பெயரைச் சொல்லித்தான் கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்பது எனக்கும் முருகனுக்கும் உள்ள விஷயம். மன்னித்துவிட்டால் மனம் லேசாகும் என்று பூசகர் சொன்னார். லேசாகலாம், ஆனால் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வழக்கு தவணை தவணையாகப் போய், இந்த மாதம் 26ஆம் திகதிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சென்ற வாரம் என் கணவர், “அன்னைக்குக் குத்தத்த ஒத்துக்கிறேன் பாலா, முடிஞ்சிரும்” என்றார். “என்ன முடியும்?” என்று நான் கேட்டேன். எதுவும் முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் கொண்டு போய்ச் சேர்த்த பெண்களின் பிள்ளைகள் இன்று கொழும்பிலும் கட்டாரிலும் வேலை செய்கிறார்கள். இனிமேல் அவர்களுடைய வாயில்கூட அவர் ஆளை இடித்த லெட்சுமணன்தான். செய்யாத பிழைக்கு ஒத்துக்கொண்டு அந்தப் பெயரோடு அவர் சாக வேண்டி வரும். என் பயம் அது ஒன்றுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் சேதுராமன் வீட்டுக்குப் போயிருந்த நேரம், திரு. விமலநாதன் தன்னுடைய ஒஸ்டினில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, “கோட்டுக்கு வந்து சாட்சி சொல்லிக்கொண்டு திரிய எனக்கு நேரமில்லை அம்மா. சங்கத்தின்ரை பேரும் அடிபடும். அவரை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கோ. வயசு போன மனுசன் எண்டு நீதவானும் பெரிசா ஒண்டும் செய்ய மாட்டார்” என்றார். நான், “சொல்லிப் பாக்கிறேங்க” என்றேன். அப்போதும் எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை. அதன் பின்னர் அவர் முற்றத்துக்கு இறங்கி, தார்ப்பாயைத் தூக்கி மொரிஸைப் பார்த்து, “சும்மா கிடந்து கறள் பிடிக்குது. அவர் இனி ஓடப் போறதும் இல்லை. எனக்குத் தாறதெண்டால் நான் வடிவாப் பாத்துக்கொள்ளுவன்” என்றார். பிறகு மட்கார்ட்டைத் தடவிக்கொண்டு, “கண்ணாடி பூட்டின தழும்பு மட்டும்தான் ஒரு குறை” என்றார்.

அந்த இடத்தில்தான் நான் முடிவு செய்தேன். எப்போது முடிவு செய்தீர்கள் என்று சார்ஜன்ட் குறிப்பாகக் கேட்டபடியால் குறிப்பாகச் சொல்கிறேன்.

நான், “சார் கண்டிக்குத்தானே போறீங்க, எனக்கும் டவுன்ல ஒரு வேலை இருக்கு, ஏத்திக்கிட்டுப் போறீங்களா?” என்று கேட்டேன். அவர் சந்தோஷப்பட்டார். “ஏறுங்கோ, ஏறுங்கோ. மனுசி மகளிட்டைக் கனடாவுக்குப் போட்டா. இடப்பக்கம் பாத்துச் சொல்ல ஆளில்லாமல் பெரிய கரைச்சல்” என்றார். தன்னுடைய வாயாலேயே அதைச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. நான் ஏறி இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்தேன்.

அந்த ஒஸ்டினில் வெளிக்கண்ணாடி எதுவும் இல்லை. முன் மட்கார்ட் இரண்டும் புடைத்துக்கொண்டு இருப்பதால், சாரதி சீட்டிலிருந்து பார்த்தால் இடது முன் மூலை தெரியவே தெரியாது. வத்தேகமையிலிருந்து கண்டி வரும்வரை அவர் வளைவுக்கு வளைவு, “இடப்பக்கம் எப்பிடி அம்மா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொரு முறையும் தலையை நீட்டிப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். ஓரிடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இடது ஓரமாக நுழைந்தபோது, “பொறுங்க!” என்று கத்தி நிறுத்தினேன். அதற்கு அவர் நன்றியும் சொன்னார். வீதியில் போகும் சனங்கள் எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை. ஆகவே வீதியில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இது தெளிவாகப் பதியப்பட வேண்டும்.

திரு. விமலநாதனின் வீடு கண்டி வாவிக்கு மேலே, மலைச்சரிவில் ஏறும் ஒடுக்கமான ஒழுங்கையில் இருக்கிறது. காரை வீட்டில் விட்டுவிட்டு என்னை ஆட்டோவில் அனுப்புவதாகச் சொன்னார். கேற்று இரண்டு கருங்கல் தூண்களுக்கு நடுவில் இருக்கிறது. மேட்டில் நின்று திரும்பி நுழைய வேண்டும். இப்போது கனடாவுக்குப் போயிருக்கும் மனைவிதான் எப்போதும் இறங்கி நின்று கை காட்டுவாராம். அவர் காரை அரைவாசி திருப்பி நிறுத்தி, “இடப்பக்கம் இடம் காணுமே? போகலாமோ?” என்று கேட்டார்.

நான் கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கி வெளியே நன்றாகப் பார்த்தேன். ஒழுங்கையில் மனிதர் யாரும் இல்லை. நாயோ பூனையோ இல்லை. தூணின் மூலை, இடது மட்கார்ட்டுக்கு நேர் முன்னால், ஒரு கை அகலத்துக்கு உள்ளே வந்திருந்தது. நான் என் கையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். அதன் பின்னர், “ஓம், போங்கோ” என்று சொன்னேன். எங்கள் பேச்சில் இது “ஆமா, போங்க” என்றுதான் வரும். அவருக்கு விளங்க வேண்டும் என்று அவருடைய பாஷையிலேயே சொன்னேன்.

மேடு என்பதால் அவர் நன்றாக மிதித்தார். முதலில் இடது முன் விளக்கு உடைந்தது. அடுத்து மட்கார்ட் சுருண்டது. கார் நிற்காமல் ஏறியபடியால் முன்கதவும், பின்கதவும், அவற்றின் மேல் ஓடிய வெள்ளிப் பட்டியும் தூணில் உரசிக் கிழிந்தன. அந்தச் சத்தம் எனக்கு இனிமையாக இருந்தது. இனிமை என்ற சொல் வேண்டாம் என்று சார்ஜன்ட் சொன்னார். வேறு எந்தச் சொல் போட்டாலும் அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும் என்று நான் சொன்னேன்.

என் பக்கத்துக் கதவு திறக்கவில்லை. அவர் இறங்கிய பிறகு அவருடைய பக்கத்தால் நகர்ந்து நானும் இறங்கினேன். அவர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, “நீங்கள்தானே போகச் சொன்னனீங்கள்! உங்களை நம்பித்தானே விட்டனான்!” என்று கத்தினார். நான், “நான் ஒண்ணும் சொல்லலையே சார். அப்படியே சொல்லியிருந்தாலும் லெப்ட் சீட்ல இருக்கிறவங்களுக்கு என்ன பொறுப்பு? பாத்து ஓட்டுறது டிரைவரோட கடமை” என்றேன். அது தான் சொன்ன வாசகம் என்று அவருக்குப் புரியவே இல்லை. முழித்துக்கொண்டு நின்றார். ஒரு குடும்பத்தையே கவிழ்த்த சொல் அவருக்கு ஞாபகத்தில்கூட இருக்கவில்லை. கார் கிழிந்ததைப் பார்த்து ஆறிய மனம் அதைப் பார்த்து மறுபடியும் கொதித்தது. அதன் பின்னர் நான் நடந்து இறங்கி, பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

என் கணவரிடம் நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவர், “அந்த ஒஸ்டின் என்ன பாவம் செஞ்சுச்சு பாலா?” என்று மட்டும் கேட்டார். அவர் அப்படிப்பட்ட மனிதர். இப்போது வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை.

இன்று காலை நான் இங்கே வந்ததும், திரு. விமலநாதனின் முறைப்பாட்டை முழுவதும் வாசித்துக் காட்டும்படி கேட்டேன். சார்ஜன்ட் வாசித்தார். அதில் இப்படி இருந்தது: “இடது பக்க ஆசனத்தில் இருந்த பாலம்மா என்பவர் பார்த்துச் சொன்னதை நம்பியே நான் காரைச் செலுத்தினேன். இவ்வகைப் பழைய வாகனங்களில் சாரதிக்கு இடப்பக்கம் தெரிவதில்லை, அந்த ஆசனத்தில் இருப்பவரின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஆகவே இச்சேதத்துக்கு அவரே முழுப் பொறுப்பு.” கீழே அவருடைய கையொப்பம் இருந்தது. நான் அதை மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சார்ஜன்டும் நல்ல குரலில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வருடம் முழுவதும் கோயிலில் நான் கேட்டு நின்றது இதைவிடச் சின்ன விஷயம்.

இந்த வாக்குமூலம் பாதி எழுதப்பட்டுக்கொண்டிருந்தபோது திரு. விமலநாதன் நிலையத்துக்கு வந்தார். காலையில் தன்னுடைய சட்டத்தரணியுடன் கதைத்ததாகச் சொன்னார். முகம் வெளுத்திருந்தது. “அம்மா, நாங்கள் தெரிஞ்ச ஆக்கள். இதைப் பெரிசாக்கத் தேவையில்லை. நான் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறன், காரை நானே திருத்துறன்” என்றார். நான் சம்மதிக்கவில்லை. இரண்டு பேரும் சமாதானமாகப் போக விருப்பமா என்று சார்ஜன்ட் முறைப்படி கேட்டார். நான் விருப்பமில்லை என்றேன். திரு. விமலநாதன் என் கையைப் பிடிக்க வந்தார். “நீங்க நம்பி எழுதினத நானும் நம்புறேன் சார். அதை எதுக்குத் திருப்பி எடுக்கணும்?” என்று கேட்டேன். அதன் பின்னர் அவர் வெளியே போய், என் கணவர் இருந்த வாங்கின் மறுநுனியில் உட்கார்ந்தார்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். அந்த முறைப்பாட்டை அவர் திருப்பி எடுத்தாலும், அவர் அதைக் கொடுத்ததும், அதில் எழுதியதும், கையொப்பமிட்டதும் புத்தகத்தில் அப்படியே இருக்க வேண்டும். அதன் பிரதியொன்று சட்டத்தரணி ராஜலிங்கம் மூலம் 26ஆம் திகதி நீதவான் முன் போக வேண்டும். இடது பக்கத்தில் இருப்பவரின் சொல்லுக்குப் பொறுப்பு உண்டு என்றால், நேற்று நான் குற்றவாளி, சென்ற டிசம்பரில் அவர் குற்றவாளி. பொறுப்பு இல்லை என்றால் என் மேல் முறைப்பாடே இல்லை, அவர் பொலிஸுக்குப் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார். எது உண்மை என்பதை அவர் கூண்டில் ஏறி, என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லட்டும்.

என்னைப் பொறுத்தவரை, நான் அந்தத் தூணைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே போகச் சொன்னேன். எனக்கு விடுதலை வேண்டாம். வழக்குப் போட்டு, என்னைக் குற்றவாளி என்று தீர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியது எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கப்படவில்லை, சொன்னதில் ஒன்றும் விடப்படவில்லை. செய்ததற்கு வருந்துவதாக ஒரு வரி சேர்த்தால் நீதிமன்றத்தில் நல்லது என்று சார்ஜன்ட் சொன்னார். சேர்க்க வேண்டாம் என்று சொல்லிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) லெ. பாலம்மா

என் முன் சுயவிருப்பத்துடன் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டது.
(ஒப்பம்) சோதிலிங்கம், பொலிஸ் சார்ஜன்ட்